கயெத்தானோ என்று இரண்டு பேர்

ரொசாரியோ, அர்ஜென்டினா
3 ஆகஸ்ட் 1977

மொந்தெசால்வா நகராட்சி, பிறப்பு இறப்புப் பதிவு அலுவலர் திரு. ரெமிஜியோ லப்போர்த்தா அவர்களுக்கு,

உங்கள் தங்கை தொனாத்தா எழுதுவது. இருபத்தெட்டு வருஷமாக ஒரு வரி எழுதாதவள் இப்போது எழுதுகிறாளே, ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்று நினைப்பீர்கள். ஆமாம், காரியம்தான்.

என் இளையவன் சில்வானோ இத்தாலிப் பாஸ்போர்ட் கேட்டிருக்கிறான். அப்பா இத்தாலிக்காரர் என்றால் பிள்ளைக்கும் உரிமை உண்டாம். என் வீட்டுக்காரர் கயெத்தானோ மர்சுல்லோ இறந்து ஆறு வருஷம் ஆகிறது. கடைசி வரை அவர் இந்த நாட்டுக் குடிமகன் ஆகவில்லை. அதனால் தடை எதுவும் இருக்காது என்று நினைத்தோம். ஆனால் தூதரகத்தில் காகிதங்களைத் திருப்பித் தந்துவிட்டார்கள். நம்மூரில் நடந்த என் கல்யாணப் பதிவில் மாப்பிள்ளை பிறந்த தேதி 1919 பிப்ரவரி 4 என்று இருக்கிறது. இங்கே அவருடைய அடையாள அட்டையிலும் இறப்புப் பதிவிலும் 1922 நவம்பர் 9. "இவர் வேற ஆள், அவர் வேற ஆள்னு தெரியுதேம்மா" என்றான் ஜன்னலுக்குப் பின்னால் இருந்த பையன்.

பதிவேட்டைப் பார்த்து எது சரியென்று எழுதி அனுப்புங்கள். சீக்கிரம் வேண்டும். ஏன் சீக்கிரம் என்று கேட்க வேண்டாம். பெரியவன் நுன்சியோ வீட்டில் இல்லை.

அம்மா இறந்தபோது நீங்கள் கொடுத்த தந்தி வந்து சேர்ந்தது. அழுகை வரவில்லை. பதில் எழுதவும் வரவில்லை.

தொனாத்தா


மொந்தெசால்வா
20 ஆகஸ்ட் 1977

அன்புள்ள தொனாத்தாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. உறையின் மேலே 'பதிவு அலுவலர் அவர்களுக்கு' என்று பார்த்ததும் யாரோ நிலத்தகராறு மனு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டாவது வரியில்தான் உட்கார்ந்தேன். நீ என்னை 'நீங்கள்' என்று ஒரு நாளும் சொன்னதில்லை. சரி, இருக்கட்டும்.

கேட்டதற்கு வருகிறேன். பத்து வருஷத்துக்கு ஒன்றாகப் பெயர் வரிசை அட்டவணை வைத்திருக்கிறோம். 1916 முதல் 1925 வரைக்குமான அட்டவணையில் கயெத்தானோ மர்சுல்லோ இரண்டு பேர். இருவருக்கும் ஒரே அப்பா, ஒரே அம்மா. முதல்வன் 1919 பிப்ரவரி 4. அடுத்தவன் 1922 நவம்பர் 9. பிறப்புப் பதிவில் முதல்வன் பெயருக்குப் பக்கத்தில் ஓரத்தில் ஒரு குறிப்பும் இல்லை. அதை மட்டும் பார்த்தால் அவன் இன்றும் உயிரோடு இருக்கிறான்.

சந்தேகம் தீரக் கோயிலுக்குப் போனேன். தோன் செலஸ்தீனோ, இப்போதைய பாதிரியார், மூக்குப்பொடி படிந்த விரலால் ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினார். முதல் கயெத்தானோவின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னச் சிலுவை. பதினான்கு மாதத்தில் அடக்கம்.

"இதுல என்னப்பா அதிசயம்?" என்றார். "மூத்தது போயிருச்சு. பேரு காலியாச்சு. அடுத்து வந்ததுக்கு அதே பேர வச்சாங்க. எந்த வீட்டுல நடக்கல? எங்க வீட்டுல எனக்கு முன்னாடியே ஒரு செலஸ்தீனோ போயிட்டான். நான் ரெண்டாவது சரக்கு."

ஆக உன் புருஷன் இரண்டாமவர். 1922 சரி. கல்யாணத்துக்காக 1949இல் பாதிரியாருக்கு அனுப்பிய பிறப்பு நகலில், அப்போதைய உதவியாளர் முதல்வனுடைய பதிவைப் பார்த்து எழுதிவிட்டார். அந்தத் தேதியே கல்யாணப் பதிவிலும் ஏறிவிட்டது.

இதைத் திருத்த மாவட்ட நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். பதிவேட்டில் ஒரு எழுத்தைக்கூட நாங்களாகத் தொட முடியாது. நான்கு மாதம் ஆகலாம், ஆறும் ஆகலாம். மனுவை நானே தயார் செய்கிறேன். நீ கையெழுத்திட்டுத் தூதரக முத்திரையோடு அனுப்பு.

உன் அண்ணி அசுந்தா விசாரித்தாள். நுன்சியோ எங்கே வேலைக்குப் போயிருக்கிறான்?

அண்ணன்,
ரெமிஜியோ


ரொசாரியோ
11 செப்டம்பர் 1977

ரெமிஜியோ,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை, ராணுவ ஆட்சியில் இங்கே கடிதங்களைப் பிரித்துப் படிக்கிறார்கள். எங்கள் தெருத் தையல்காரி மகளைப் பார்க்க நேப்பிள்ஸ் போகிறாள். அவள் அங்கே பெட்டியில் போடுவாள். அதனால் இதில் எழுதலாம்.

நுன்சியோ எங்கேயும் வேலைக்குப் போகவில்லை. அவன் இங்கே ஒரு அச்சகத்தில் எழுத்துக் கோப்பவன். ஜூன் 14ஆம் தேதி, பட்டப்பகல் பதினொரு மணிக்கு நான்கு பேர் அச்சகத்துக்கு வந்து அவனைக் கூட்டிப் போனார்கள். சீருடை இல்லை. காரில் எண் பலகை இல்லை. நான் போலீஸ் நிலையத்துக்குப் போனேன், ராணுவ முகாமுக்குப் போனேன், ஆஸ்பத்திரிகளுக்குப் போனேன். "அந்தப் பேர்ல யாரும் இல்லையேம்மா" என்று எல்லா இடத்திலும் மரியாதையாகவே சொன்னார்கள். ஒரு இடத்தில் உட்கார நாற்காலி கூடக் கொடுத்தார்கள்.

ஆகஸ்டில் சில்வானோவைப் பற்றி விசாரித்துக்கொண்டு வந்தார்கள். அவனும் அவன் பெண்டாட்டி மிர்த்தாவும் அன்றைக்கு வீட்டில் இல்லை. அதற்குப் பிறகு மூன்று வீடு மாறிவிட்டார்கள். மிர்த்தாவுக்கு மூன்று மாதம். தூதரகத்தில் சொல்கிறார்கள், காகிதத்தில் தேதி ஒத்துப்போனால் ஒரு வாரத்தில் பாஸ்போர்ட், இத்தாலிக் குடிமகன் என்று அவர்களே ஆள் கூட அனுப்பிக் கப்பலில் ஏற்றுவார்கள். தேதி ஒத்துப்போக வேண்டும், அவ்வளவுதான்.

நீ நான்கு மாதம் என்கிறாய். ஆறும் ஆகலாம் என்கிறாய்.

நான் அழவில்லை. அழுதால் தேவலை என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்கிறாள். காலையில் எழுகிறேன், பாலைக் காய்ச்சுகிறேன், நான்கு பேருக்கு ரொட்டி வெட்டுகிறேன், மூன்று பங்கைத் திரும்பக் கட்டி வைக்கிறேன். உடம்பில் எங்கேயோ மரத்துப்போய்விட்டது. கிள்ளினால் கிள்ளின இடம் சிவக்கிறது, வலிக்கவில்லை.

உன் கடிதத்தில் ஒரு இடத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வந்தது. 'அப்போதைய உதவியாளர்' என்று எழுதியிருக்கிறாயே. 1949இல் அந்த அலுவலகத்தில் எத்தனை உதவியாளர், அண்ணா? ஒருத்தன்தான். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம், காதில் பேனா, கையில் எந்நேரமும் மசி. அதே ஆள்தான் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்த மாப்பிள்ளைக்குப் பதிலாக, அப்போதைய வழக்கப்படி, பீடத்துக்கு முன்னால் என் பக்கத்தில் நின்றான். ஒரு புகைப்படத்தைக் காட்டி அப்பா 'இவன்தான்' என்றார். விரலை நீட்டினேன். மோதிரம் ஏறவில்லை. நீ உன் எச்சிலைத் தொட்டுத் தடவி ஏற்றினாய். ஜனங்கள் சிரித்தார்கள். எனக்குப் பத்தொன்பது வயது.

ஆக, நம்மூர்ப் பதிவேட்டின்படி நான் செத்துப்போன ஒரு கைக்குழந்தைக்கு வாழ்க்கைப்பட்டவள். அதற்குச் சாட்சியாக அதன் இடத்தில் நின்றவன் நீ.

கயெத்தானோ நல்ல மனுஷன், அதையும் சொல்லிவிடுகிறேன். அது உன் புண்ணியம் இல்லை.

மனுவில் கையெழுத்துப் போட்டு வைத்திருக்கிறேன். அனுப்பட்டுமா என்று சொல்.

தொனாத்தா


மொந்தெசால்வா
26 செப்டம்பர் 1977

தொனாத்தா,

மனுவை அனுப்பாதே. கிழித்துப் போடு.

இந்த உறையில் இரண்டு காகிதம் இருக்கிறது. ஒன்று, கயெத்தானோவின் பிறப்பு நகல், 1922 நவம்பர் 9. இன்னொன்று உன் கல்யாணப் பதிவின் நகல், புதிதாக நேற்று எழுதியது. அதிலும் 1922 நவம்பர் 9. முத்திரை, கையெழுத்து எல்லாம் என்னுடையது. பழைய கல்யாண நகல் பிழையானது என்று ஜன்னல்காரனிடம் சொல்லி, இதைக் கொடு. நகலெடுத்தவன் தூங்கிவிட்டான் என்று சொல். அதில் பொய்யும் இல்லை.

அசலில் இன்னும் 1919தான் இருக்கிறது. அதை நான் தொடவில்லை. அசல் ஒன்று இங்கே, இன்னொன்று மாவட்ட நீதிமன்றத்தில். யாராவது என் நகலை அசலோடு ஒப்பிட்டால் என் கதை முடிந்தது. ஒப்பிட மாட்டார்கள். முப்பது வருஷமாக யாரும் எதையும் ஒப்பிடவில்லை, அதனால்தானே இத்தனையும். அன்றைக்குத் தப்பாக எழுதினேன், அது சட்டப்படி உண்மையாக உட்கார்ந்திருக்கிறது. நேற்று உண்மையை எழுதினேன், சட்டப்படி அது குற்றம். எழுதும்போது மசிக் கறை கூட விழவில்லை.

அந்த உதவியாளன் நான்தான். போன கடிதத்தில் அப்படி எழுதியது கோழைத்தனம். உன் கடிதத்தைப் படித்துவிட்டு மாலையில் அசுந்தாவிடம் சொன்னேன்.

"மாமா, அன்னிக்கே ரெண்டாவது பேரப் பாத்திருக்கலாம்ல?" என்றாள்.

பார்த்திருக்கலாம். அட்டவணையில் அதே பக்கத்தில், அடுத்த வரியிலேயே இருக்கிறது. ஏன் பார்க்கவில்லை என்று உனக்குச் சொல்ல வேண்டும். எனக்கு அவசரம். நம் வீட்டில் இரண்டே அறை. ஒன்றில் அப்பா அம்மா. இன்னொன்றில் நீயும் நானும் நடுவில் ஒரு போர்வையைக் கட்டித் தொங்கவிட்டு. அசுந்தாவை அவள் வீட்டில் வேறு ஒருவனுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நீ போனால்தான் எனக்கு அறை. அப்பா புகைப்படத்தோடு வந்தபோது 'தங்கச்சி சின்னப் பொண்ணு' என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் யோசித்திருப்பார். என் பேச்சைத்தான் அவர் கேட்பார், உனக்கே தெரியும். நான் சொல்லவில்லை. முதல் பேரைப் பார்த்ததும் எழுதி முத்திரை குத்திவிட்டேன். கோயிலில் மோதிரம் ஏறாதபோதும் எனக்கு அந்த அறைதான் ஞாபகம்.

மன்னிப்புக் கேட்டு எழுதலாம் என்று உட்கார்ந்தேன். அதற்கு இன்னும் எனக்கு அருகதை வரவில்லை. முதலில் பிள்ளைகளை அனுப்பு. நீயும் வா.

ரெமிஜியோ


ரொசாரியோ
2 நவம்பர் 1977

அண்ணா,

கப்பல் ஏறிவிட்டார்கள். இதையும் ஊருக்குப் போகிற ஒருவர் கையில்தான் கொடுத்தனுப்புகிறேன். தூதரகத்திலிருந்து கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் கூடவே துறைமுகம் வரை வந்தார். நான் போகவில்லை. போகக்கூடாது என்றார்கள். சில்வானோவின் நீலச் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்தனுப்பினேன். ஜன்னல்காரப் பையன் உன் காகிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "எங்க ஊர்ப்பக்கம் இவ்வளவு அழகா எழுத ஆளே இல்லம்மா" என்றான்.

சில்வானோ அங்கே வந்தால் எதையும் கேட்காதே. நுன்சியோவைப் பற்றிக் கேட்காதே. சாப்பாடு போடு. கதவு தெரிகிற மாதிரி உட்காருவான், அப்படியே விட்டுவிடு. மிர்த்தாவுக்குத் தக்காளி ஒத்துக்கொள்ளவில்லை, அண்ணியிடம் சொல்.

நான் ஏன் வரவில்லை என்று கேட்பாய். நுன்சியோவின் கோட்டு அன்றைக்கு அச்சகத்திலேயே தங்கிவிட்டது. வீட்டுச் சாவி கோட்டுப் பையில். கோட்டு என்னிடம் வந்துவிட்டது. அவன் திரும்பி வந்தால் சாவி இல்லை. அதனால் வீட்டில் ஆள் இருக்க வேண்டும்.

இன்றைக்கு இறந்தவர்கள் நாள். கடைக்காரிக்கு என் சங்கதி எல்லாம் தெரியும். நான் கேட்காமலே மூன்று மெழுகுவர்த்தி எடுத்து வைத்தாள். இரண்டு போதும் என்றேன். ஒன்று என் கயெத்தானோவுக்கு. இன்னொன்று அந்தப் பதினான்கு மாதக் கயெத்தானோவுக்கு. அவன் அம்மாவைத் தவிர அவனுக்கு யார் ஏற்றியிருக்கப் போகிறார்கள்? மூன்றாவதை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். வாங்கிப் பெட்டியில் திரும்ப வைத்தாள். ஏதாவது சொல்லியிருந்தால் அதோடு அந்தக் கடைப்பக்கம் போவதையே விட்டிருப்பேன்.

அறை விஷயம் படித்தேன். கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. வந்தால் எழுதுகிறேன்.

தொனாத்தா


மொந்தெசால்வா
6 மார்ச் 1978

தொனாத்தா,

நேற்றுக் காலை ஏழு மணிக்கு மிர்த்தாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண். மூன்று கிலோ இருநூறு. தாயும் பிள்ளையும் சுகம். அந்த அறையில்தான் பிறந்தான். வந்த நாளிலிருந்து அவர்களை அங்கேதான் வைத்திருக்கிறேன். நானும் அசுந்தாவும் அடுப்படிப் பக்கம் மாறிவிட்டோம். "முப்பது வருஷம் கழிச்சு வாடகைக்குக் குடி வந்த மாதிரி இருக்கு" என்று அவள் கேலி செய்கிறாள்.

சில்வானோ விறகு பிளக்கிறான். தேவைக்கு மேல் பிளக்கிறான். அடுத்த குளிருக்கும் சேர்த்து அடுக்கியாகிவிட்டது. நான்கு மாதத்தில் அவன் என்னோடு பேசியதை எழுதினால் ஒரு தபால் அட்டை நிறையாது. நீ சொன்னபடி எதுவும் கேட்கவில்லை.

நேற்று அவனாகவே பேசினான். பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டே இருந்தவன், "நுன்சியோன்னு எழுதுங்க மாமா" என்றான். அவ்வளவுதான். வெளியே போய் மறுபடி விறகைப் பிளக்க ஆரம்பித்துவிட்டான்.

முறைப்படி மூத்த பிள்ளைக்குத் தாத்தா பெயர், கயெத்தானோ. ஆனால் பார்க்க வந்த பெண்கள் எல்லோரும் சில்வானோ பக்கம். "சின்ன வயசுல போனவன் பேருதான் முதல்ல. தாத்தா காத்துக்கிட்டு இருப்பாரு, அவருக்கு இப்ப என்ன அவசரம்?" என்கிறார்கள். தோன் செலஸ்தீனோவும், "பேர அந்தரத்துல தொங்க விடக்கூடாதுப்பா, ஒரு பிள்ள மேல எறக்கி வைங்க" என்கிறார். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். யாரும் உன்னிடம் கேட்கவில்லை.

நான் இன்று காலை அலுவலகத்தில் பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நுன்சியோவுக்கு அங்கே யாரும் எதுவும் எழுதித் தரவில்லை. கூட்டிப் போனதாகக்கூட ஒரு காகிதம் இல்லை. இங்கே நான் இந்தப் பெயரை எழுதினால் அதுதான் அவனைப் பற்றிய முதல் காகிதம். அண்ணன் தம்பி வீட்டில் ஒரே பெயர் இரண்டாம் தரம் வந்தால் என்ன அர்த்தம் என்று நம்மூரில் பதிவேடு படிக்கத் தெரிந்த எவனுக்கும் தெரியும். சிலுவை போட வேண்டிய அவசியமே இல்லை. அந்தச் சிலுவையை என் கையால் நான் போட மாட்டேன், தொனாத்தா. நீ சொன்னால் மட்டும் எழுதுவேன். சில்வானோவிடம் நேருக்கு நேர் முடியாது என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. நான்கு மாதத்தில் அவன் கேட்டது அது ஒன்றுதான்.

பிறந்து பத்து நாளுக்குள் எழுத வேண்டும் என்பது சட்டம். 15ஆம் தேதி கடைசி நாள். விரைவுத் தபால் ஒரு வாரத்தில் சேரும் என்கிறார்கள். பார்த்ததும் தந்தி கொடு. அன்றைக்கு அலுவலகம் மூடும் வரை பெயர் இடத்தைக் காலியாக விட்டுவைத்துக் காத்திருப்பேன். இந்தத் தரம் எனக்கு அவசரம் இல்லை.

நீ தாய். நீ சொல்வதுதான்.

ரெமிஜியோ


தந்தி
ரொசாரியோ, 14 மார்ச் 1978

கயெத்தானோ என்று எழுது. சில்வானோவிடம் அம்மா சொன்னதாகச் சொல். நுன்சியோ பெயர் காலியாக இல்லை.

தொனாத்தா